இடது காதில் சொன்னவை

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் வீடு சொந்தமில்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கியதும் உறவுக்காரர்களுக்கு நம்மேல் பாசம் பொங்கிவிடும். வருஷம் முழுக்க ஒரு கார்டு போட்டிருக்க மாட்டார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், துணிமூட்டையோடு வாசலில் நிற்பார்கள். "ரெண்டு நாள்தான்" என்பார்கள். அந்த இரண்டு நாள் எப்போது முடியும் என்று அவர்களுக்கும் தெரியாது. கொடி முழுக்க ஈரத்துணி தொங்கும், எதுவும் காயாது. விறகு நமுத்துப்போய்ப் புகையும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்கிருந்துதான் அப்படியொரு பசி வருமோ, இட்லிக் கொப்பரையை இறக்கி வைக்க நேரமிருக்காது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கு இந்தக் கூத்துதான். ஆனால் ஐம்பதுகளின் நடுவில் வந்த ஒரு சீசனை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சூடாகிறது. அந்தச் சீசனில் என் வேலை சமையல் மட்டும் அல்ல. ஊரே கூடி ஒரு மனுஷனின் காதில் தண்ணீர் விடத் துடித்தது. நான் ஒருத்தி குறுக்கே நின்றேன்.

அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பாறையில் குழி போடவும் வெடி வைக்கவும் பழகியவர். பட்டாளத்தை விட்டு வந்தவர் வயலைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பார் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். அதற்குள் வடக்கே எல்லையில், பனிமலைக்குள் ரோடு போவதற்குச் சுரங்கம் குடைகிறார்கள், வெடி தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ கூட்டாளி எழுதிப்போட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்குகிற உயரம் என்று எழுதுவார். ஏதோ மாமனார் வீட்டு மாடி உயரம் மாதிரி சாதாரணமாக எழுதுவார்.

அந்தச் சுரங்கம் எதற்கு என்பதை அவர் லீவில் வரும்போதெல்லாம் சோற்றில் செய்து காட்டுவார். இலையில் விழுந்த சோற்றை மலை மாதிரிக் குவிப்பார். இதுதான் மலை. குளிர்காலத்தில் உச்சியெல்லாம் பனி மூடிவிடும், மேலே ஏறிப் போகிற பாதை அடைத்துவிடும். அந்தப் பக்கம் எல்லையில் நிற்கிற பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, குண்டு, மருந்து எதுவும் போகாது. அதனால் பனி விழுகிற உயரத்துக்குக் கீழே மலையைக் குடைகிறோம் என்பார். வலது கை ஆள்காட்டி விரலை ஒரு பக்கமும் இடது கை விரலை மறுபக்கமும் சோற்றுக்குள் நுழைப்பார். இரண்டு பக்கமும் குடைந்துகொண்டே வந்து நடுவில் முட்ட வேண்டும். ஒரு முழம் விலகினாலும் அவ்வளவும் பாழ். உள்ளே விரல் இரண்டும் தொட்டதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்தவர் இல்லை. ரசத்துக்கு நான் கரண்டியோடு நிற்பேன். இலையில் ஓட்டை போட்ட மலையில் எங்கே ஊற்றுவது?

கேட்கிறவர்களுக்கோ ஒன்றும் ஏறாது. "நம்ம ஆரியங்காவு ரயில் குகை மாதிரிதான?" என்பார்கள். "எல்லைன்னா நம்ம மலையாளத்து எல்லை மாதிரிதான, ரெண்டு போலீஸ்காரன் நின்னா பத்தாதா?" என்று ஒருவர் கேட்டார். இவர் அதற்கும் கோபப்படாமல், மறுபடி சோற்றைக் குவிப்பார்.

அந்த வருஷம் லீவு இல்லாத நேரத்தில் வந்தார். தலையைச் சுற்றிக் கம்பளி மப்ளர். "வாங்க" என்றேன். பதில் இல்லை. பக்கத்தில் போய்க் கத்திச் சொன்ன பிறகுதான் திரும்பினார். பாறையில் வைத்த வெடிகளில் ஒன்று பிந்தி வெடித்திருக்கிறது. ஏன் வெடிக்கவில்லை என்று பார்க்க முன்னால் நடந்தது இவர். யார் மேலும் தப்பு இல்லையாம், மலையில் அப்படித்தானாம். ஆள் பிழைத்தது தெய்வச்செயல். இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. வலது காதும் மந்தம்; நேரே நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். காது ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னால் திரும்பி வரலாம், ஆறாவிட்டால் ஊரிலேயே இருந்துகொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

தென்காசியில் எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் கூட்டிப் போனேன். நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு இவரை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசினார், இவருக்குத்தான் கேட்காதே.

"சவ்வு தானா வளந்துரும்மா. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகப்படாது. எண்ணெயும் ஆகாது. போச்சுன்னா சீழ் வச்சுரும், பொறவு என் கையில இல்ல. தலைக்கு ஊத்தும்போது வாசலின் தடவின பஞ்சை வச்சு அடைச்சிருங்க. உங்க பொறுப்பு."

என் பொறுப்பு! தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் அருவியில் தலையைக் கொடுப்பதையும் சகல நோய்க்கும் மருந்தாக நினைக்கிற ஜனங்களுக்கு நடுவே, சாரல் தொடங்கப் போகிற நேரத்தில், ஒரு காதை நனையாமல் காப்பாற்றுவது என் பொறுப்பு.

இதில் இன்னொரு வேடிக்கை. காது ஆறினால் அவர் போய்விடுவார். ஆறாவிட்டால் இருப்பார், செவிடாக. எனக்கு அவரும் வேண்டும், அவர் காதும் வேண்டும். இரண்டும் கிடைக்காது என்று தெரிந்தே வாசலினும் பஞ்சுமாக அலைந்தேன்.

'போக வேண்டாம்' என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அது முடியாது. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் அனுப்புகிற குடும்பம். வெளியே கிளம்புகிறவரை 'எங்கே போறீக' என்று கேட்டாலே சகுனத்தடை. கட்டியவள் 'போகாதீக' என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் போய், அங்கே ஏதாவது ஆகிவிட்டால் அவ்வளவுதான். அவள் வாய் வைத்ததுதான் காரணம் என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் எவளும் சொல்வதில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்துவதோடு சரி.

ஆனி பிறந்ததும் புளியங்குடியிலிருந்து அவருடைய பெரியம்மா வந்து இறங்கினார். எனக்கு அத்தை முறை. எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர் வீட்டு அம்மாள். எப்போது வந்தாலும் ஒரு மூட்டை எலுமிச்சங்காயோடுதான் வருவார். அதைப் பிழிந்தும் ஊறுகாய் போட்டும் என் கைவிரல் எல்லாம் எரியும். நல்ல மனுஷிதான், பிறத்தியார் பேச்சைக் கேட்பது மட்டும் வழக்கமில்லை. வந்ததும் வராததுமாக இவர் தலையிலிருந்த மப்ளரை உருவினார்.

"ஏலே, என்ன கோலம் இது? காதுல பஞ்சு வேற! அருவில போயி தலையைக் காட்டுலே, எல்லாம் சரியாப் போயிரும்."

"அத்தை, டாக்டர் தண்ணி படப்படாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவரு வெளியூர்க்காரரு. நம்ம அருவித் தண்ணி மூலிகையில பட்டு வருது. அது குழாத்தண்ணி மாதிரியா?"

"மூலிகைத் தண்ணியும் தண்ணிதான அத்தை?"

"ஏட்டி, வாய்க்கு வாய் பேசுதா பாரு. உம் புருசன் நல்லாயிரணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

மப்ளரை எடுத்து மறுபடி அவர் தலையில் சுற்றினேன். அவர் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இதே பாட்டுதான். அத்தைக்குப் பின்னால் வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொன்னார். இன்னொருவர் ஐந்தருவிதான் காதுக்கு நல்லது, பெரிய அருவி முதுகுக்கு என்றார். அருவிக்கு அருவி நோயைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி மச்சில் வைத்தேன். அவர் தலைக்குக் குளிக்கிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு நானே பஞ்சை அடைத்து, நானே தலையைக் குனியவைத்து ஊற்றினேன். சாரலில் வாசலுக்கு வந்தால் குடையோடு பின்னால் ஓடினேன். வந்தவர்கள் சிரித்தார்கள். அச்சன்புதூரில் விவசாயம் பார்க்கிற என் கொழுந்தன், இவருடைய சித்தப்பா மகன், ஒருவன்தான் சிரிக்கவில்லை.

அவன்தான் ஒருநாள் சைக்கிளில் வந்து சேதி சொன்னான். அத்தை காலையில் இவரை, "சும்மா வேடிக்கை பாக்கத்தான், மேல ஒரு சொட்டு விழாது" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். நானும் மாவு ஆட்டுகிற அவசரத்தில் சரி என்றுவிட்டேன்.

"மதினி, அண்ணனை எண்ணெய்க்காரருக்கு முன்னால உக்காத்தி வச்சிருக்காக. நான் கூப்பிட்டுப் பாத்தேன், அண்ணனுக்குக் கேக்கல. பெரியம்மா என்னைய விரட்டுதாக."

ஆட்டின கையோடு பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸும் அன்றைக்கென்று பார்த்து ஊர்ந்தது. அருவிக்கரையில் சீசன் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வழுக்குகிற பாறை, துண்டு கட்டிய தொப்பைகள், எண்ணெய் வாடை. நடுவில் என் வீட்டுக்காரர் கோவணத்தோடு, உடம்பெல்லாம் பளபளக்க உட்கார்ந்திருந்தார். பஞ்சு காதில் இல்லை. எண்ணெய்க்காரர் ஒரு கையால் அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, மறுகையில் கிண்ணத்தோடு, "காதுல ரெண்டு சொட்டு விட்டு ஒரு தட்டு தட்டினா கிண்ணுனு இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காத மனுஷனிடம் அனுமதி கேட்கிறாராம்!

நான் கிண்ணத்தைப் பறித்தேன். பறித்த வேகத்தில் எண்ணெய் முழுக்க என் சேலையில் கொட்டியது.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா? ஆம்பளைக குளிக்கிற எடத்துல வந்து நிக்கா பாரு!" என்று அத்தை கத்தினார்.

"எத்தனை பேருக்கு விட்டிருக்கேன், யாரும்மா செவிடாப் போனா?" என்று எண்ணெய்க்காரர் கோபித்துக்கொண்டார்.

வீட்டுக்காரரின் வலது காதருகே குனிந்து, "பஞ்சை எதுக்கு எடுத்தீக?" என்று கத்தினேன். அந்தப் பாறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவர் சாவதானமாகச் சொன்னார்: "பெரியம்மா ஆசைப்பட்டா. எப்படி மாட்டேன்னு சொல்ல?"

மலையைக் குடைகிற மனுஷன்! வெடிக்காத வெடியைப் பார்க்க முன்னால் நடக்கிற மனுஷன்! பெரியம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல இவரால் ஆகாது. "உங்க பெரியம்மா ஆசைப்பட்டா அருவிக்கு மேல ஏறிக் குதிப்பீகளா?" என்றேன். அதற்கும் சிரித்தார். காற்றில் அருவியின் சாரல் எங்கள் மேல் தூவிக்கொண்டே இருந்தது. என் முந்தானையை அவர் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரை அந்தக் கோலத்திலேயே கூட்டத்துக்கு வெளியே இழுத்து வந்தேன். அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வீடு நன்றாக இருந்தது.

பேசுகிற இடம் எனக்கு வேறு கிடைத்திருந்தது. சோறு போடும்போது அவருக்கு இடது பக்கம் நின்று போடுவது என் வழக்கம். அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் கேட்காது என்று தெரிந்தபின், வயிற்றெரிச்சலை எல்லாம் அங்கேயே கொட்டத் தொடங்கினேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றிக்கொண்டே, கீழ்க்குரலில் சொல்வேன். "உங்க பெரியம்மா எப்பக் கெளம்புவாக, இல்ல இந்த வீட்டை அவுக பேருக்கு எழுதி வச்சிருவமா?" "எலுமிச்சங்காயைப் பாத்தாலே எனக்குப் பல்லு கூசுது." சொல்லிவிட்டு, "மோர் ஊத்தட்டுமா?" என்று வலது பக்கம் வந்து உரக்கக் கேட்பேன். அவர் தலையாட்டுவார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, ஒளிக்கவில்லை.

நாள் போகப் போக வேறு பேச்சும் வந்துவிட்டது. காதில் இரைச்சல் நின்றது, வலி போனது. அவர் மறுபடி சோற்றைக் குவித்து விரல் நுழைக்க ஆரம்பித்தார். இப்போது எவ்வளவு தூரம் குடைந்திருப்பார்கள், நடுவில் முட்டுகிற அன்றைக்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்று கொழுந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இடது பக்கம் நின்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "ஒரு ஓட்டைக்காகவா போகணும்? அந்த மலை அங்கனயே இருக்கட்டும். நீங்க போக வேண்டாம். வயலைப் பாத்துக்கிட்டு எங்கூட இருங்க." முதல்தரம் சொன்னபோது சோறு இலைக்கு வெளியே விழுந்தது. பிறகு பழகிவிட்டது, தினமும் சொன்னேன். சொன்னால் சகுனத்தடையும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. சுவரோடு பேசுவதற்கு யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்?

ஆவணி பிறந்து சாரல் குறைந்தது. அத்தைகூட மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். டாக்டரிடம் போனோம். கண்ணாடியைக் கட்டிக்கொண்டு பார்த்தவர், "பிரமாதம்! சுத்தமா மூடியிருக்கு. எப்படித்தான் இந்தச் சீசன்ல காப்பாத்தினீங்க?" என்று என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவர் இவருடைய வலது காதை விரலால் அடைக்கச் சொல்லி, இடது பக்கம் போய் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, காற்றாக ஒரு வார்த்தை சொன்னார்.

"மாம்பழம்" என்றார் இவர்.

இன்னும் மெதுவாக இன்னொன்று.

"தென்காசி கோவில்" என்றார்.

"நல்லாக் கேக்குதே! எப்ப இருந்து இப்படி?"

இவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "ஆடி அமாவாசையை ஒட்டி இருந்து கேக்கு சார்."

ஆடி அமாவாசை! அதற்குப் பிறகு எத்தனை வேளை சோறு போட்டிருக்கிறேன்! டாக்டர் ஏதோ எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரதவீதியில் நடந்தோம். பெரியம்மாவைச் சொன்னது, எலுமிச்சங்காயைச் சொன்னது, சீசனுக்கு வந்திருந்த இவர் தம்பி பெண்டாட்டியின் குறட்டையைச் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதுகூடப் போகட்டும். மற்றது?

கடைத்தெரு தாண்டியதும் நின்றேன்.

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேச்சை நிறுத்திருப்பே."

"போக வேண்டாம்னு சொன்னது?"

"அதுவும் கேட்டுச்சு."

"பொறவு?"

அவர் மேற்கே மலையைப் பார்த்தார். "நீ எங்கிட்டச் சொல்லலையே. செவிட்டுக் காதுகிட்டல்லா சொன்னே. முன்னால வந்து நின்னு ஒரு தரம் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்டவர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? தினமும் ஒருத்தி பக்கத்தில் நின்று கெஞ்சுகிறாள், அதைக் கேட்டுக்கொண்டே சோற்றில் குகை தோண்டிக்கொண்டிருப்பாராம், அவள் பக்கம் மாறி வந்து நிற்க வேண்டுமாம்! விறுவிறென்று வீட்டுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

அடுத்த வாரம் ரயிலுக்குப் புறப்பட்டார். அந்த ஒரு வாரமும் சோற்றை வலது பக்கம் நின்றுதான் போட்டேன். நடுவில் எத்தனையோ தடவை அவர் முன்னால் போய் நின்றேன். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, மோர் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வருவேன்.

தென்காசி ஸ்டேஷனுக்கு அத்தையும் கொழுந்தனும் வந்திருந்தார்கள். அத்தை பிளாட்பாரத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டரே அசந்துட்டாரு. அன்னைக்கு அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன்லா, அந்தச் சாரல் பட்டதுதான். இவ மட்டும் இழுத்துட்டு வராம இருந்திருந்தா அன்னைக்கே சரியாயிருக்கும்." நான் கட்டுச்சோற்றை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் வெளியே, நேர் எதிரே நின்றேன். வலது காதின் மந்தமும் போய், இரண்டு காதும் கேட்கும் இப்போது. எந்தக் காது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சகுனமாவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் பின்னால் அத்தை, "ஏட்டி, கெளம்புத நேரத்துல கண்ணைக் கசக்காதே" என்றார்.

"வெடி வைக்கையில காதுல பஞ்சு வச்சுக்கோங்க" என்றேன்.

"சரி" என்றார்.

வண்டி நகர்ந்தது. பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டுகிற வரை அவர் தலையை வெளியே நீட்டி, இடது காதை என் பக்கம் திருப்பியபடியே இருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.